நாடு திரும்பும் பிள்ளைகளுக்கு முன்னாயத்தம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் பிறந்த சிறு பிள்ளைகளுடன் திருகோணமலைக்கே திரும்பிவிடத் தீர்மானிக்கும் குடும்பங்கள், வீட்டைத் திருத்துவதிலும் பொருட்களைக் கப்பலில் அனுப்புவதிலும் காட்டும் அக்கறையைப் பிள்ளைகளின் ஆவணங்களில் காட்டாதிருப்பது மிகுந்த கவலை தருகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி இப்பிள்ளைகளின் பிறப்பு இலங்கைத் தூதரகத்திலோ குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதியப்பட வேண்டும். பிறந்து ஓராண்டுக்குள் பதிவதே முறை. 2003ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் தாய்வழியாகவும் இலங்கைக் குடியுரிமை கிடைக்கிறது என்பதைப் பலர் அறியார்.

அதைவிடப் பெரிய இடர் பாடசாலையில் காத்திருக்கிறது. விடுமுறைக்கு வந்த என் ஏழு வயதுப் பேரன் தமிழைத் தடங்கலின்றிப் பேசுகிறான். கொப்பியைக் கொடுத்தால் தன் பெயரை எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறான். அவனை வயதுக்கேற்ப மூன்றாம் தரத்தில் அமர்த்தினால், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நோக்கி விரையும் வகுப்பில் அவன் என்ன செய்வான்? ஆண்டிறுதி விடுமுறையிலேயே குடும்பங்கள் வந்து சேர்வது நல்லது. வலயக் கல்வி அலுவலகமும் இத்தகைய பிள்ளைகளுக்கென முதலாம் தவணையில் பின்னேர எழுத்து வகுப்புகளை நடத்த முன்வர வேண்டும் என்று வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.