மொட்டை மாடிக் கதவைத் திறந்து வையுங்கள்: அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும், சென்னையில் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கும் மற்றச் சங்கத்தாருக்கும் வணக்கம்.

மெயின்டனன்ஸ் பாக்கி, கார் பார்க்கிங், லாரித் தண்ணீர் என்று உங்களுக்கு வரும் புகார்கள் ஏராளம். அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று ஒதுக்கிவிட வேண்டாம். நான் கேட்பது பணம் செலவாகிற காரியம் இல்லை. ஏற்கெனவே இருக்கிற ஒரு கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் அப்பா நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கிலியும் கொடியும் தூக்கும் ஆட்களோடு வரப்பு வரப்பாக வெயிலில் நடந்த மனுஷர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து அவருக்குக் கட்டில், ஹால், பால்கனி இவ்வளவுதான் உலகம். பால்கனி என்று பெயர்தான். திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் ஏசி அவுட்டோர் யூனிட்கள் வரிசையாக நின்று எங்கள் பக்கம் அனல் ஊதும். அவரைத் தனியாக விட்டுவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போய்வருவதே எனக்கு ஓட்டமும் நடையும்தான். ஆகவே எங்கள் வீட்டில் அடைந்து கிடப்பது ஒருவர் இல்லை, இரண்டு பேர். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

வெளியே கூட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். கேட்டும் இருக்கிறீர்கள். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் மாநகராட்சி ஒரு மரப்பாதை திறந்தது. வீல்சேரை உருட்டிக்கொண்டே அலையின் பக்கம் வரை போகலாம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரி செய்தார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் வேளச்சேரியிலிருந்து அங்கே போக அவரைக் காருக்குள் தூக்கி வைக்க ஒரு ஆள், இறக்க ஒரு ஆள், போகவர வாடகை, நடுவில் சிறுநீர் வந்தால் என்ன செய்வது என்ற கவலை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை திருவிழா மாதிரி செய்யலாம். தினமும் கொஞ்சம் வானம் பார்க்க வேண்டும் என்றால் அவருக்கு எட்டுகிற வெளி ஒன்றே ஒன்றுதான். அது நம் தலைக்கு மேலேயே இருக்கிறது, பூட்டியிருக்கிறது.

இந்தப் பூட்டை நாம் ஒருமுறை கழற்றியிருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது. பூங்காக்களை மூடினார்கள், டிசம்பர் வரை மெரினா மணலில் கால் வைக்க முடியவில்லை. நடைப்பயிற்சி இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது என்று வாட்ஸாப் குரூப்பில் புலம்பியவர்கள் யார் யார் என்று இப்போது பெயர் சொல்ல வேண்டாம். இரண்டே நாளில் பிளாக் வாரியாக நேரம் ஒதுக்கி மொட்டை மாடியைத் திறந்தீர்கள். ஏப்ரல் 5 இரவு விளக்கேற்றச் சொன்னபோது அத்தனை பேரும் மேலேதான் நின்றோம். ஊரடங்கு முடிந்ததும் காலில் தெம்பிருந்தவர்கள் வெளியே போனார்கள், பூட்டு திரும்பி வந்தது. மூட்டு தேய்ந்த பாட்டிகளுக்கும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும், அவர்களோடு இருப்பவர்களுக்கும் அந்த ஊரடங்கு இன்னும் முடியவில்லை. நீங்கள் சில மாதம் தாங்க முடியாமல் தவித்ததைத்தான் அவர்கள் வருஷக்கணக்கில் அனுபவிக்கிறார்கள்.

மேலே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால், வேளச்சேரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்பேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்தில் இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். வெயில் ஏறியதும் கூழைக்கடாக்கள் சூடான காற்றின் மேல் ஏறி, இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டே மேலே போகும். கீழே தெருவில் நிற்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. சாயங்காலம் காக்கைகள் கூட்டமாகத் திரும்பும் நேரத்தில் வக்கா என்கிற இராக்கொக்குகள் எதிர்த் திசையில் இரை தேடக் கிளம்பும்; 'குவாக்' என்று ஒரே ஒரு சத்தம், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் பழந்தின்னி வௌவால்கள். செம்பருந்து வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற தலைமுறை நம் கட்டடத்தில் இன்னும் இருக்கிறது. போட்டுக்கொள்ளத்தான் பருந்து கண்ணில் படுவதில்லை.

மே மாதத்தில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வருவது சென்னைக்காரர்களுக்கு ஒரு வரம். இரண்டாம் மாடியில் இருக்கும் எங்களுக்கு அது வந்த செய்தியே தெரிவதில்லை. மூன்றாம் பிறையை மேற்கே பார்க்க வேண்டும், எங்கள் மேற்கில் லிப்ட் இருக்கிறது. வடாம் பிழிவது, கார்த்திகைக்கு அகல் வைப்பது, பிள்ளைகளை உட்கார வைத்து நிலாச்சோறு உருட்டிக் கொடுப்பது எல்லாம் மொட்டை மாடியில் நடந்த காரியங்கள். அதையெல்லாம் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வடாம் கடையில் கிடைக்கிறது. வானம் கிடைப்பதில்லை.

ஒரே ஒரு நாள் அப்பா மேலே போனார். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆட்கள் வந்த அன்று வாட்ச்மேன் கதவைத் திறந்து வைத்திருந்தார். லிப்ட் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும் என்பதால் கடைசிப் படிக்கட்டில் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். மேலே போனதும் அப்பா முதலில் செய்த வேலை, வடக்கு எது என்று தீர்மானித்தது. கிண்டிக் காட்டின் பச்சை ஒரு பக்கம், பரங்கிமலை இன்னொரு பக்கம். வீட்டுக்குள் இருந்து இருந்து திசையே மறந்துபோயிருந்தது அவருக்கு. வாழ்நாள் முழுக்கத் திசை பார்த்துப் பிழைத்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பரங்கிமலையைக் கண்டதும் பேச்சு தானாக வந்தது. நாக்கு இன்னும் முழுசாக வசத்துக்கு வரவில்லை, ஆனாலும் விடவில்லை. 1802-ல் லாம்டன் துரை இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கியது அங்கேதான், 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து அந்த முக்கோணங்களுக்கெல்லாம் அடிப்படையான ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தார் என்று அந்தப் பையன்களுக்குப் பாடம். துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ அதுதான் ஊரின் அட்சரேகை. சென்னைக்கு 13 டிகிரி, ஆகவே தாழ்வாகத்தான் இருக்கும், கட்டடம் மறைக்காத இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். ராத்திரி வந்து பார்க்கிறோம் தாத்தா என்று பையன்கள் சொன்னார்கள். மறுநாள் லிப்டுக்குள் உங்கள் சர்க்குலர் ஒட்டியிருந்தது: 'அனுமதியின்றி மொட்டை மாடிக்குச் செல்வோருக்கு அபராதம் விதிக்கப்படும்.'

நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். பையன்கள் மேலே குடித்தார்கள், பாட்டில் கிடந்தது. சரி, உண்மைதான். இப்போது அதே பாட்டில்கள் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஜெனரேட்டருக்குப் பின்னால் கிடக்கின்றன. பார்க்கிங்கைப் பூட்டிவிட்டோமா? தொட்டியில் எதையாவது போட்டுவிடுவார்கள் என்கிறீர்கள். தொட்டி மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். மேல் மாடிக்காரருக்கு நடக்கிற சத்தம் கேட்கிறது என்றால் நேரம் வையுங்கள். நடக்க நடக்கத் தளம் கெட்டு ஒழுகுகிறது என்று ஒரு வாதம், இதுதான் எனக்குச் சிரிப்பு. போன மழையில் அவர் வீட்டு சீலிங் ஒழுகியதற்குக் காரணம், மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் சருகு அடைத்துக்கொண்டு மேலே தண்ணீர் குளமாக நின்றது. தினமும் நாலு பேர் போய்வந்திருந்தால் முதல் நாளே பார்த்திருப்பார்கள்.

யாராவது விழுந்துவிட்டால், அல்லது குதித்துவிட்டால் என்ற பயம் மட்டும் லேசானது இல்லை. அதற்கு மறுப்பு எழுத மாட்டேன். கைப்பிடிச் சுவருக்கு மேல் கிரில் போடலாம், கதவைப் பார்த்தபடி ஒரு கேமரா வைக்கலாம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சாத்திவிடலாம். அந்தச் செலவில் என் பங்கைத் தரத் தயார்.

ஆனால் பூட்டே ஆபத்து என்பதையும் எடுத்துப் பாருங்கள். 2010 மார்ச்சில் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ஸ்டீபன் கோர்ட் என்ற பழைய கட்டடம் தீப்பிடித்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதில் பலர் தப்பிப்பதற்காக மேலே ஓடி, பூட்டிய மொட்டை மாடிக் கதவுக்கு முன்னால் புகையில் சிக்கியவர்கள். கீழ் மாடியில் தீப்பிடித்தால் புகை மேலேதான் ஏறும், படிக்கட்டு வழியாகத்தான் ஏறும். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் பதிலாகாது. தீயை விடுங்கள், நம் ஊர்த் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்கள் விழுந்தது மொட்டை மாடிகளில்தானே.

வானம் பார்ப்பதெல்லாம் ஆடம்பரம் என்று பொருளாளர் ஒருமுறை சிரித்தார். வயதில் பெரியவர், அதனால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகள். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்கு செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. வெறும் ஜன்னல்தான். எங்கள் பால்கனியில் சுவர்தான் தெரிகிறது என்று முன்னமே சொன்னேன். வைட்டமின் டி சங்கதியும் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயிலில் அது உருவாகாது, அதற்கான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். தோலில் நேராகப் படவேண்டும். டாக்டர் மாத்திரையும் எழுதுகிறார், வெயிலில் உட்காரச் சொல்லியும் எழுதுகிறார். மாத்திரை கடையில் கிடைக்கிறது.

சிறைக்கைதிகளை நடத்துவதற்கு ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் நெல்சன் மண்டேலா பெயரில் விதிகள் வகுத்தது. வானிலை ஒத்துழைத்தால் கைதிக்குத் தினமும் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்த வெளியில் உடற்பயிற்சி தர வேண்டும் என்பது அதில் ஒன்று. மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறவர்கள் அதே ஒரு மணி நேரத்தைக் கேட்டால் அபராதமா?

சட்டமும் பேசலாம், நான் பேச விரும்பவில்லை. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டத்தில் பொது இடங்களைப் பட்டியலிடும்போது படிக்கட்டு, லிப்டோடு மொட்டை மாடியையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வக்கீல் நோட்டீஸ் பாஷையில் பேசினால் அப்புறம் லிப்டில் முகம் பார்க்க முடியாது.

நான் கேட்பது இதுதான். காலை ஐந்தரையிலிருந்து இரவு ஒன்பது வரை கதவு திறந்திருக்கட்டும். அது முடியாது என்றால் காலையில் பத்திலிருந்து பதினொன்று, சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு, இந்த இரண்டு வேளையாவது. மூடும் நேரத்திலும் வெளியே பூட்டுத் தொங்க வேண்டாம், உள்பக்கமிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள் போதும். கடைசிப் படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், இப்போது ஒரு பக்கம்தான் இருக்கிறது, அதுவும் ஆடுகிறது. மேலே நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகையும் ஒரு சிமென்ட் பெஞ்சும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை, நாற்காலியை நாங்களே கொண்டுவருவோம். தூக்கிவிட ஆள் வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். அந்தப் பையன்கள் இருவரும் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எப்போது தாத்தா என்று கேட்கிறார்கள்.

வருகிற பொதுக்குழுவில் இதை அஜெண்டாவில் சேர்க்கும்படி செயலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் விஷயத்துக்கு முன்னால் வையுங்கள். பெயின்ட் பேச்சு வந்துவிட்டால் எந்தக் கலர் என்பதிலேயே இரவு பத்து மணி ஆகிவிடும். அப்பாவுக்கு மாத்திரை கொடுக்க நான் எட்டரைக்கு எழுந்து போக வேண்டும்.

இப்படிக்கு,
பி பிளாக், இரண்டாம் மாடியிலிருந்து உங்கள் அயல்வீட்டுக்காரி