காலிபனின் தீவு

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். மிலானிலிருந்து துரத்தப்பட்ட பிரபு ப்ராஸ்பெரோ மகளோடு ஒரு தீவில் ஒதுங்கி, அங்கிருந்த காலிபனை அடிமையாக்கி மாயசக்தியால் ஆளும் கதை அது. ஓரிடம்தான் உறுத்தியது. இது மன்னிப்பைப் பற்றிய நாடகம், காலனியம் என்பதெல்லாம் இருபதாம் நூற்றாண்டுக்காரர்கள் அதன் தலையில் கட்டியது என்கிறார் கட்டுரையாளர். தீவு மத்தியதரைக் கடலில் இருக்கிறது, காலிபனின் தாய் சிக்கோராக்ஸ் அல்ஜியர்ஸ்காரி, அமெரிக்காவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்கிறார்.

வரைபடப்படி அவர் சொல்வது சரி. ஆனால் 1609இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா குடியேற்றத்துக்குப் போன 'சீ வென்ச்சர்' கப்பல் புயலில் சிக்கி அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் கரைதட்டியது. அந்தச் செய்தி லண்டனில் சூடாக இருந்தபோது எழுதிய நாடகம் இது. 1611 நவம்பரில் மன்னர் ஜேம்ஸ் முன் நடித்தார்கள். ப்ராஸ்பெரோவின் ஏவல் ஆவியான ஏரியல் பெர்முடாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறான். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய கோமாளி ட்ரிங்குலோ காலிபனைக் கண்டதும், இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் இவனைக் காட்டினால் காசு பார்க்கலாமே என்று கணக்குப் போடுகிறான். ஊனமுற்ற பிச்சைக்காரனுக்குச் சல்லிக்காசு போடாதவர்கள் செத்த இந்தியனைப் பார்க்கப் பத்துக் காசு கொடுப்பார்களாம். அவன் சொல்லும் இந்தியன் அமெரிக்கப் பூர்வகுடி. இதைப் பிற்காலத்தவர் யாரும் எழுதிச் சேர்க்கவில்லை.

இதைவிட முக்கியம், முதல் அங்கத்தில் காலிபன் ப்ராஸ்பெரோவிடம் பேசுவது. இந்தத் தீவு என் தாய் வழியில் எனக்கு வந்தது, நீ பறித்துக்கொண்டாய். வந்த புதிதில் தடவிக்கொடுத்தாய், பழம் போட்ட நீர் தந்தாய். நானும் உன்மேல் அன்பு வைத்து நல்ல ஊற்றையும் விளையும் நிலத்தையும் காட்டினேன். இப்போது என்னைப் பாறையில் அடைத்துவிட்டாய் என்கிறான். ப்ராஸ்பெரோ என்ன சொல்கிறான்? பொய்யன், அடிமை என்று திட்டிவிட்டு, என் மகள் மிராண்டாவைக் கெடுக்கப் பார்த்தவன் நீ என்கிறான். அது உண்மைதான், காலிபன் மறுப்பதில்லை, நடக்காமல் போயிற்றே என்று சிரிக்கவே செய்கிறான். ஆனால் நிலம் யாருடையது என்பதற்கு அது பதில் ஆகுமா? அந்தப் பதில் நாடகம் முடியும்வரை வருவதில்லை. சற்று முன்புதான் ப்ராஸ்பெரோ மகளிடம், தீ மூட்டவும் விறகு கொண்டுவரவும் அவன் இல்லாமல் நமக்கு முடியாது என்று சொல்லியிருக்கிறான்.

பிரெஞ்சுக் காலனியாக இருந்த கரீபியன் தீவு மார்த்தினிக்கின் கவிஞர் எமே செசேர் 1969இல் எழுதிய மறு ஆக்கத்தைக் கட்டுரையாளர் 'பிரசாரம்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார். அதில் காலிபன் கறுப்பு அடிமை, ஏரியல் கலப்பின அடிமை. இதெல்லாம் எளிதாகத் தோன்றக்கூடிய மாற்றம்தான். முடிவுதான் அபாரம். ஷேக்ஸ்பியரின் ப்ராஸ்பெரோ மிலானுக்குக் கிளம்புகிறான். செசேரின் ப்ராஸ்பெரோ போகவே மாட்டேன் என்கிறான், காலிபனோடு தீவிலேயே கிடந்து கிழடாகிறான். 1946இல் மார்த்தினிக்கை பிரான்சின் மாவட்டமாக்கிய சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவரே செசேர்தான். போக மறுக்கும் எஜமானனை அவர் வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை.

செசேரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. அவருடைய காலிபன் மிராண்டா விஷயத்தை அடியோடு மறுக்கிறான். அவன் பக்கம் நிற்பது நமக்குச் சுலபமாகிவிடுகிறது. ஷேக்ஸ்பியர் அந்தச் சலுகையைத் தரவில்லை: குற்றம் செய்ய முயன்றவன்தான், ஆனாலும் நிலத்தைப் பறிகொடுத்தவன். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வைக்கிறார்.

இன்னொன்று. சிக்கோராக்ஸ் கொடிய சூனியக்காரி என்று நமக்குச் சொல்வது ப்ராஸ்பெரோ. அவனோ அவளைப் பார்த்ததே இல்லை. அவன் வருவதற்கு முன்பே அவள் இறந்துவிட்டாள். அவளும் நாடுகடத்தப்பட்டு வந்தவள்தான், அப்படியானால் அவள் வழியாகக் காலிபன் கேட்கும் உரிமை எப்படிப்பட்டது? கட்டுரையாளர் இதை எடுத்து வாதாடியிருந்தால் மறுப்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருக்கும். அவளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையை அவரிடமே கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்