பழுது பார்க்க ஆளில்லாத துப்பாக்கி: மாவட்ட ஆட்சித்தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் வாழை பயிரிட்டு வரும் விவசாயி நான். உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் இருக்கிறது. அது பழுதாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சட்டப்படி வாங்கிச் சரிசெய்து தரக்கூடிய கைதேர்ந்த தொழிலாளி ஒருவர்கூட நான் தேடிய அளவில் இம்மாவட்டத்தில் அகப்படவில்லை. உரிமம் வழங்கும் அதிகாரி தாங்கள் என்பதால் தங்களுக்கு எழுதுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் பிற உரிமதாரர்களும் படிக்கட்டும் என்றே பொதுவில் எழுதுகிறேன்.

துப்பாக்கி இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்யப்பட்டது. வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி, 12 போர் குழல் அளவு. மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுத் தாய்நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து 1950களில் என் தாத்தா முறைப்படி வாங்கினார். தாத்தா காலத்து வேட்டைக் கதைகளெல்லாம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துவிட்டன. அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. ஒற்றை வீடாகத் தோட்டத்துக்குள் குடியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு காவல் என்ற அளவிலேயே அது இன்று பெட்டியில் இருக்கிறது. ஆயுத பூஜையன்று அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவே அதற்கும் சந்தனப் பொட்டு உண்டு. ஈரச் சந்தனம் இரவு முழுவதும் இருந்தால் அடியில் துரு ஏறும் என்பதால், சாமி கும்பிட்ட கையோடு எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்துவிடுவது என் தந்தையாரின் வழக்கம். அவருக்கு 70 வயது நிறைந்தபோது, 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வாரிசுக்குத் தரும் வாய்ப்பின்படி உரிமம் என் பெயருக்கு மாறியது.

பழுது இரண்டு வகையானது. பூட்டு எனப்படும் சுடும் பொறியில், வலது பக்கத்தில், தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கச் செய்யும் குதிரையை உந்துகிற வி வடிவ வில் ஒடிந்துவிட்டது. அதைவிடப் பெரிய குறை, குழல்களைப் பூட்டி மூடிய பிறகும் கீல் ஆணியருகே அவை இலேசாக அசைவது. இந்த இரண்டுக்கும் கடையில் உதிரிபாகம் கிடையாது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் ஒவ்வொன்றும் கையால் அரத்தில் இழைத்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் வில் அதே கம்பெனியின் இன்னொன்றில் பொருந்தும் என்ற உறுதி இல்லை. புது வில் வேண்டுமென்றால் வில்லெஃகை அடித்து வளைத்து, செஞ்சூட்டில் எண்ணெயில் முக்கி, பிறகு நீல நிறம் ஓடும்வரை மறுபடியும் அளவாகச் சூடேற்றிப் பதம் பார்க்க வேண்டும். பதம் ஒரு துளி கூடினால் ஒடியும், குறைந்தால் வளைந்தே நின்றுவிடும். குழல் அசைவைச் சரிசெய்வது இன்னும் நுட்பமான வேலை. கீலோடு உராயும் கொக்கிப் பகுதியில் தேய்ந்த அளவுக்கு உலோகம் சேர்த்து, அதன் மீது விளக்குப் புகைக்கரி பூசி, மூடித் திறந்து, கரி எங்கே அழிகிறதோ அந்த இடத்தை மட்டும் மயிரளவு இழைத்து, மறுபடியும் கரி பூசி, நாள்கணக்கில் இதையே செய்ய வேண்டும். குழல்களை இணைக்கும் பட்டைகள் ஈயப் பற்றாசில் நிற்பவை. அவசரக்காரர் யாராவது வெல்டிங் வைத்தாலோ, புதுத் துப்பாக்கிக்குச் செய்வது போலக் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றினாலோ பட்டை கழன்று, குழல் உபயோகமற்றுப் போகும்.

முதலில் எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரரிடம்தான் கேட்டேன். துப்பாக்கியை எடுத்துச் செல்லவில்லை. குறையைச் சொல்லி மட்டும் கேட்டேன். மோட்டார் தண்டிலிருந்து கரும்பு ஆலைப் பல்சக்கரம் வரை எதையும் கடைந்து தருகிற அந்த மனிதர், "அண்ணாச்சி, கை வேலையைச் செஞ்சிரும், ஆனா லைசென்ஸ் இல்லாம தொட்டா நானும் உள்ள போவேன், நீங்களும் உள்ள போவீய" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை மீறுவோருக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை வரையும் போகலாம். உரிமம் இல்லாதவர் என்று தெரிந்தே ஆயுதத்தை அவர் கையில் ஒப்படைப்பதும் குற்றம்தான்.

பிறகு வேறொரு நகரத்தில், உரிமம் உள்ள கடை ஒன்றின் மூலம் உரிய ரசீது பெற்றுக் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து வந்த துப்பாக்கியின் திருகாணிகளைப் பார்த்ததுமே மனம் கலங்கியது. மயிரிழை போல மெல்லிய வெட்டுடன் இருந்த பழைய ஆணிகளின் தலையைச் சாதாரணத் திருப்புளியால் சிதைத்து, இரண்டு இடங்களில் இரும்புக்கடை ஆணியையே மாற்றியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து, தோட்டா இல்லாமல், சுவரை நோக்கிப் பிடித்து மூடினேன். விசையைத் தொடவே இல்லை. மூடிய அதிர்விலேயே உள்ளே குதிரை விழும் ஓசை கேட்டது. குதிரையைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் விளிம்பை யாரோ விவரம் புரியாமல் இழைத்திருக்கிறார்கள். உள்ளே தோட்டா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விவரிக்க விரும்பவில்லை. அன்று குழலைக் கழற்றித் தனியாகவும் கட்டையைத் தனியாகவும் பூட்டி வைத்தவன் இன்னும் சேர்க்கவில்லை.

புதிது வாங்கிக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருப்பவர்களுக்கு அது அத்தனை எளிதல்ல. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் ஆயுதம் வைத்திருப்போர் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், அந்த எல்லைக்குள் புது உரிமம் வழங்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்றும் வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. நியாயமான கட்டுப்பாடுதான். அப்படியானால் ஏற்கெனவே கணக்கில் உள்ள துப்பாக்கிகளாவது ஒழுங்காக இருக்க வேண்டும் அல்லவா?

என் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது துப்பாக்கியின் எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கிறார்கள். அந்தத் துப்பாக்கி சுடத் தகுந்ததா என்று தொழில் தெரிந்த ஒருவர் பார்ப்பதை நான் கண்டதில்லை. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளம். இன்று பரவலாக விற்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். அந்த அளவு சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளம் என்பதால், பெரிய தோட்டாவும் சின்ன அறைக்குள் தடையின்றி நுழைந்துவிடும். சுடும்போது விரிய இடமில்லாமல் வாய் நெரிபட்டு, குழலுக்குள் அழுத்தம் ஏறும். நைட்ரோ எனப்படும் இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிக்கப்படாத, கரிமருந்துக் காலத்துக் குழலாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரையைக் குழலின் அடியில் படித்துச் சொல்லத் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடிப்பார். அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் ஆளில்லை.

இந்தச் சீமையில் ஆயுதத் தொழில் அற்றுப்போனது நேற்று இன்று நடந்ததல்ல; கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட இரண்டே ஆண்டில், 1801 டிசம்பரில், ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிச் சென்னையிலிருந்து அறிவிப்பு வந்தது. அந்த வரலாற்றைத் திருப்பச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் கைகள் இன்றும் இல்லாமல் இல்லை. மணிமுத்தாறில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படை இருக்கிறது. மாவட்ட ஆயுதப்படை இருக்கிறது. இராணுவத்தில் ஆயுதங்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நன்னடத்தைச் சான்று உள்ள ஓரிருவர் பழுது பார்க்கும் உரிமத்துக்கு விண்ணப்பிக்க முன்வந்தால், அந்த விண்ணப்பத்தைத் தாங்கள் தனிக் கவனத்துடன் பரிசீலிக்க வேண்டும். பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் படித்து அரம் பிடிக்கத் தெரிந்த ஒரு பையனை அவர்களோடு சட்டத்துக்கு உட்பட்டுச் சேர்த்துவிட முடிந்தால் தொழில் ஒரு தலைமுறையோடு நிற்காது. இதற்கெல்லாம் காலம் ஆகும் என்பது தெரியும். அதுவரை, மாநிலத்தில் பழுது பார்க்கும் உரிமம் பெற்றவர்களின் பட்டியலை உரிமப் பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். கூடவே, ஆண்டுக்கு ஒரு நாள் அவர்களில் ஒருவரை வரவழைத்து, காவல்துறையின் முன்னிலையில் மாவட்டத்து உரிமத் துப்பாக்கிகளைப் பார்வையிடச் செய்யலாம். அதற்கான கட்டணத்தை உரிமதாரர்களே செலுத்துவோம்.

வரும் தை மாதம் என் உரிமம் புதுப்பித்தலுக்கு வருகிறது. துப்பாக்கியை இரண்டு துண்டாகவே, தனித்தனி உறையில் எடுத்து வருவேன். அதைச் சேர்த்துக் காட்டும்படி தங்கள் அலுவலர்கள் கேட்டால், தொழில் தெரிந்த ஒருவர் அருகில் இல்லாமல் அதைச் செய்ய இயலாது என்பதை இப்போதே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உரிமதாரர் ஒருவர்,
களக்காடு வட்டாரம்.