கேத்தி பள்ளத்தாக்கு ஓடை நீரில் நானோ துகள்களின் நச்சுத்தன்மையைச் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, காய்கறி விவசாயி,
கேத்தி பாலாடா,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: நானோ உலோகத் துகள் கலந்த உரம், மருந்து ஆகியவற்றால் ஓடை உயிர்களுக்கு வரும் பாதிப்பை நம் மலைத் தண்ணீரிலேயே சோதித்துப் பார்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 26 வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள். ஓய்வு பெற்றபின் அப்பா விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் பீட்ரூட்டும் போட்டு வருகிறேன். தோட்டத்தின் கீழ் வரப்பைத் தாண்டினால் ஓடை.

போன போகத்தில் கேரட்டில் இலைக்கருகல் வந்தது. மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தார். நானோ தாமிரம். “பழைய மருந்தை கிலோ கணக்கில் அடிக்கணும் டீச்சர், இது மில்லி கணக்கில் போதும்” என்றார். சரி, இது மழையில் கரைந்து ஓடைக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். “அது எனக்குத் தெரியாது டீச்சர்” என்று ஒளிக்காமல் சொன்னார். அவர்மேல் குறையில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டிலும் அளவு, பயிர், தேதி எல்லாம் இருந்ததே தவிர ஓடையைப் பற்றி ஒரு வரி இல்லை. வாங்கி வந்த பாட்டில் இன்னும் மூடி திறக்காமல் கொட்டகையில் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 100 நானோமீட்டருக்கும் குறைவான துகளைத்தான் நானோ துகள் என்கிறோம். அவ்வளவு சிறிதாக்கும்போது அதே தாமிரமும் துத்தநாகமும் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. ஒரு கிராம் பொருளின் மேற்பரப்பு பல மடங்கு கூடுவதால் வேகமாகக் கரைகிறது, வேகமாக வினைபுரிகிறது. பயிருக்குக் குறைந்த அளவே போதும் என்பதற்கும், ஓடைப் புழுவுக்கு அது ஆபத்தாகலாம் என்பதற்கும் இந்த ஒரே குணம்தான் காரணம்.

2004இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஈவா ஓபர்டோர்ஸ்டர் என்ற சுற்றுச்சூழல் விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். 60 கார்பன் அணுக்கள் கால்பந்து போலச் சேர்ந்த ஃபுல்லரீன் என்னும் நானோ பொருளை மீன் தொட்டியில் கலந்தார். 48 மணி நேரத்தில் இளம் மீன்களின் மூளையில் கொழுப்புப் பொருள் சிதைந்த அடையாளம் தெரிந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஆய்வு அது. சில வருடங்கள் கழித்து மற்ற விஞ்ஞானிகள் செய்து பார்த்தபோது, ஃபுல்லரீனைத் தண்ணீரில் கலக்கப் பயன்படுத்திய கரைப்பானின் சிதைவுப் பொருள்களே நச்சுக்குப் பெரும் காரணமாக இருக்கலாம் என்று தெரிந்தது. அதனால் அந்த முதல் ஆய்வு வீண் என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மையார் கேள்வியைக் கேட்டதால்தான் மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது. ஆனால் ஒரு ஊரில் ஒரு தொட்டியில் கிடைத்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதிலிருந்து தெரிகிறது. பாதுகாப்பானது என்று வரும் முடிவுக்கும் இதே அளவுகோல்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் தண்ணீர் வேறு. சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் எங்கள் வீட்டில் குளித்துவிட்டு, “எவ்வளவு ஊற்றினாலும் சோப்பு போகவே மாட்டேங்குதே” என்பார்கள். கால்சியம் குறைந்த மென்னீர் இது. கடினநீரில் இருக்கும் கால்சியம், மீனின் செவுளில் உலோகம் ஒட்டாமல் ஓரளவு தடுக்கும். மென்னீரில் அந்தத் தடுப்பு இல்லை. நன்னீரில் வாழும் மிகச் சிறிய உயிரியான டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளை வைத்துச் செய்யும் சர்வதேசச் சோதனையில் லிட்டருக்கு 140 முதல் 250 மில்லிகிராம் வரை கடினத்தன்மை உள்ள தண்ணீரைப் பரிந்துரைக்கிறார்கள். நம் ஓடை நீருக்கும் அதற்கும் வெகுதூரம். அப்புறம் நம் மண் புளிப்பு மண், சுண்ணாம்பு போடாமல் உருளைக்கிழங்கு கூடச் சரியாக வராது. அமிலத் தன்மையில் நானோ துத்தநாக ஆக்சைடும் தாமிரமும் வேகமாகக் கரைந்து அயனியாகும், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவாகும். கரைந்த அந்த அயனிதான் பாசியையும் நீர்த்தெள்ளையும் அதிகம் தாக்குகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. சோலையிலிருந்தும் சதுப்பிலிருந்தும் தேநீர் நிறத்தில் இறங்கி வரும் தண்ணீரில் மக்கிய இலைச்சாறு இருக்கும். அது துகளின் மேல் படிந்து நச்சைக் குறைக்கும். ஆக, வேறு ஊர் முடிவைவிட இங்கே பாதிப்பு கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். இங்கே செய்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்ல. தேயிலையில் கொப்புள நோய்க்கு வருடா வருடம் தாமிர மருந்து அடிக்கிறார்கள். நானோ வடிவத்தால் ஏக்கருக்கு விழும் தாமிரம் உண்மையிலேயே குறையுமானால் மண்ணுக்கு நல்லதுதான். 2021இல் வந்த நானோ யூரியா பற்றியும் எனக்குப் பெரிய பயமில்லை, அது உலோகம் இல்லை. மண்ணிலும் சேற்றிலும் தங்கும் துத்தநாகம், தாமிரம், வெள்ளி இவை மூன்றும்தான் என் கவலை. அதிலும் வெள்ளி, நோய்க்கிருமியோடு சேர்த்து மண்ணில் தழைச்சத்தை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லக்கூடியது.

மருந்து அடிக்கும் ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தோட்டத்துக்கு வருபவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் ஸ்பிரேயரைத் தோளில் போடுகிறார். ஈவாவின் தந்தை குன்டர் ஓபர்டோர்ஸ்டரும் அவருடன் இருந்தவர்களும் எலிகளைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தபோது, மிக நுண்ணிய கார்பன் துகள்கள் மூக்கு வழியாக மூளையின் முகர்வுப் பகுதியை அடைந்ததை 2004இல் வெளியிட்டார்கள். அது கார்பன், எலி. தாமிரமும் மனிதரும் அல்ல. இருந்தாலும் ஒரு பருத்தித் துண்டு போதும் என்று நான் அவரிடம் எப்படிச் சொல்வேன்?

பாலாடாவில் கேரட் கழுவும் இடங்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அறுவடையான கேரட்டோடு தோட்டத்து மண்ணும் அங்கே வந்து, கழுவிய தண்ணீரோடு ஓடைக்குத் திரும்புகிறது. சரிவு நிலத்தில் ஒரு மணி நேரம் நல்ல மழை அடித்தாலே மேல்மண் கீழே இறங்கிவிடும். நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகிச் சேற்றில் படியும் குணம் உடையவை. ஆகவே தண்ணீரை மட்டும் பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் பாதிதான் தெரியும், அடிச்சேற்றையும் எடுக்க வேண்டும். இந்தத் தண்ணீர் காட்டேரி வழியாக இறங்கிக் கடைசியில் பவானியில் சேர்கிறது, நம் ஊரோடு நிற்பதில்லை.

முன்பு மாணவர்களை இந்த ஓடைக்கு அழைத்துப்போய் தலைப்பிரட்டையும் நண்டும் காட்டுவேன். இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு நானோதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இது வருவதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே இளைத்துப்போன ஓடையில் இன்னொரு சுமையை ஏற்றும் முன் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். பழனி மலையில், கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001இல் மூடிய பிறகும் பாதரசம் கலந்த மண்ணை என்ன செய்வது என்ற பேச்சு எத்தனை வருடம் நீண்டது என்பது தாங்கள் அறிந்ததே.

ஆகவே, மழைக்கு முன் ஒருமுறையும் மருந்து அடித்து மழை பெய்த பின் ஒருமுறையும், பள்ளத்தாக்கின் மேலே, நடுவே, கீழே மூன்று இடங்களில் நீரும் சேறும் எடுத்து, மொத்த உலோகம், கரைந்த உலோகம் இரண்டையும் தனித்தனியாக அளக்க ஆணையிட வேண்டுகிறேன். கூடவே, அந்த ஓடை நீரிலேயே நீர்த்தெள்ளை வளர்த்து நச்சுச் சோதனையும் செய்ய வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. சரிவில் மண் எப்படி இறங்குகிறது என்பதை உதகை மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் பல வருடமாகப் பார்த்து வருகிறார்கள். மாதிரி எடுக்க உதகை அரசு கலைக் கல்லூரி மாணவர்களைக் கேட்டால் ஆர்வத்தோடு வருவார்கள். புதிய ஆய்வகம் எதுவும் கட்டத் தேவையில்லை, இவர்களை ஒரு மேசையில் உட்கார வைக்கத் தங்கள் கடிதம் ஒன்று போதும்.

எந்த நானோ பொருள் எவ்வளவு விற்கிறது என்ற கணக்கைக் கடைகளிடமிருந்து தோட்டக்கலைத் துறை மாதம் ஒருமுறை வாங்க வேண்டும். அது இல்லாமல் ஓடையில் எதைத் தேடுவது? முடிவு வரும்வரை ஓடைக்கரையை ஒட்டிய நிலத்தில் நானோ உலோக மருந்து அடிக்க வேண்டாம் என்று விவசாயிகளுக்கு அறிவுரை கொடுங்கள். மருந்து அடிப்பவர்களுக்குத் தகுந்த முகக்கவசம் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். முடிவு எதுவானாலும் தமிழில், கேத்தி பேரூராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

மாதிரி எடுக்கும் கீழ் இடத்துக்கு என் தோட்டத்தைத் தருகிறேன். வழியும் உண்டு, வண்டியும் வரும். ஜூன் மழைக்கு முன் ஆட்கள் வந்தால் நல்லது. கொட்டகையில் இருக்கும் அந்த பாட்டிலையும் சோதனைக்கு அப்படியே ஒப்படைக்கிறேன்.

இடம்: கேத்தி பாலாடா

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை