வெட்டுவதற்கு முன் ஒரு கிளை

தோ பாயோ, சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பேத்தி தமிழ் எழுத ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. அவள் கையால் ஒரு வரி எழுதவைத்து அடுத்த கடிதத்தில் சேர்த்து அனுப்பு. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி போகவில்லை; ஆனாலும் வாரம் ஒரு நாள் பூமலைத் தாவரவியல் தோட்டத்துக்குத் தொண்டூழியத்துக்குப் போவதை விடவில்லை.

உன் அமெரிக்க வீட்டு வேலியோரத்துக் கருஞ்செர்ரி மரத்தை வெட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். அடிமரம் பொந்தாகிவிட்டது, பேத்தி விளையாடும் இடம் என்றால் வெட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. மாப்பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேள்: மரம் அறுப்பவர் ஆபத்தில்லை என்று சொன்னால், செப்டம்பர் வரை பொறுப்பாரா? மே மாதப் பூ கைநழுவிப் போய்விட்டது. ஆகஸ்ட் கடைசியில் பழம் கருக்கும். பழமும் இலையுமாக ஒரு கிளையை முறையாக உலர்த்தி எடுத்துவிட்டால், அந்த மரத்துக்கு ஒரு சாட்சி இருக்கும். காத்திருக்க முடியாது என்றால் காய் இருக்கும் கிளையாவது எடுத்துவிடு.

நீ அனுப்பிய படத்தில் பட்டை, கருகிய அப்பளத் துண்டுகளை ஒட்டிவைத்ததுபோல் செதில் செதிலாக நிற்கிறது. முற்றிய கருஞ்செர்ரிக்கு அதுதான் அடையாளம். இன்னொன்றும் பார்: இலையைத் திருப்பினால் நடுநரம்பின் இருபுறமும் துருப்பிடித்த நிறத்தில் மெல்லிய மயிர் ஓடும். அது இருந்தால் ப்ரூனஸ் செரோட்டினாவேதான் (கருஞ்செர்ரியின் அறிவியல் பெயர்), சந்தேகமே வேண்டாம்.

பூமலையின் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய தாவரங்களைத் தாளில் ஏற்றிச் சேர்த்து வைக்கும் காப்பகத்தில், 7 லட்சத்துக்கும் மேற்பட்ட உலர் தாவரத் தாள்கள் இருக்கின்றன. போன வாரம் என் மேசைக்கு வந்தது உன் மரத்தின் உறவுக்காரி: ப்ரூனஸ் பாலிஸ்டேக்கியா. ஆம், செர்ரி இனத்தில் சிங்கப்பூர்க் காட்டுக்கே சொந்தமான மரமும் உண்டு. செம்பவாங்கில் நாம் பொறுக்கித் தின்ற சாலையோரச் செர்ரி வேறு. அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது, குடும்பமே வேறு. இந்தக் காட்டு மரத்தின் இலையடியில் இரண்டு சின்னஞ்சிறு சுரப்பிகள் உண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காய்ந்த பிறகும் தெளிவாகத் தெரிந்தன. உன் மரத்திலும் காம்பின் மேல்நுனியில் சுரப்பிகளைத் தேடிப் பார். தடித்த தண்டை நூலால் தைத்து, மெல்லிய கிளைகளைக் காகிதப் பட்டிகளால் ஒட்டி, உதிர்ந்த காய்களைத் தாளின் மூலையில் ஒரு காகித உறைக்குள் வைத்தேன். இந்த வேலை செய்யும்போது நேரம் போவதே தெரிவதில்லை.

காய்ந்த கிளையால் என்ன பயன் என்று மாப்பிள்ளை கேட்கலாம். பாஸ்டனில் ஆர்னால்ட் தாவரத் தோட்டத்தின் பழைய தாள்களில் இருந்த பூத்த தேதிகளை, இன்றும் அங்கே நிற்கும் அதே மரங்கள் பூக்கும் நாளோடு ஒப்பிட்டார்கள். 1900 முதல் 1920 வரை பூத்ததைவிட, 1980 முதல் 2002 வரை சராசரியாக 8 நாள் முந்திப் பூத்திருந்தன. 2004இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கிளையை ஒடித்த அன்றே யாரோ தேதியை ஒழுங்காகக் குறித்து வைத்ததால்தான் இது தெரிந்தது.

அதனால்தான் சேகரிப்புகள் அழிவதைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை. 1943இல் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. அதே போர்க்காலத்தில் இங்கே, ஜப்பானியப் பேராசிரியர் தானகாடாட்டேயும் ஆங்கிலேயத் தாவரவியலாளர்களான கார்னரும் ஹோல்ட்டமும் எதிரி நாட்டார் என்று பாராமல் பூமலையின் சேகரிப்பைக் காப்பாற்றினார்கள். நீ இருக்கும் நாட்டிலோ, 2024இல் டியூக் பல்கலைக்கழகம் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் கொண்ட தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக அறிவித்தது. போரும் இல்லை, தீயும் இல்லை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இப்போது செய்முறை. ஒரு முழ நீளக் கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவில் பரப்பு. ஓர் இலையையாவது திருப்பி வை. அடிப்புறம் தெரிய வேண்டும். மேலே அட்டையும் கனமான புத்தகங்களும். முதல் வாரம் தினமும் தாளை மாற்று, இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நாடா, பசை எதையும் தொடாதே. தாளில் ஏற்ற முடியாததைப் பென்சிலில் எழுதிவை: ஊர், தேதி, மரத்தின் உயரம், பட்டை, பழத்தின் நிறம், சுற்றிலும் என்ன மரங்கள், எடுத்தவர் பெயர். பிட்ஸ்பர்க்கில் கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பெரிய ஹெர்பேரியம் இருக்கிறது. முதலில் கேட்டுவிட்டு அனுப்பு. ஓர் எச்சரிக்கை: வெட்டிப் போட்ட இலை வாடும்போது சயனைடு நஞ்சு கிளம்பும். பக்கத்துப் பண்ணையின் மாடுகள் வாய் வைக்காதபடி அன்றே அள்ளிவிடச் சொல்.

விதையும் எடுத்து வை. சதையைக் கழுவி, ஈர மணலில் புதைத்து, மூன்று நான்கு மாதம் குளிர்பெட்டியில் வைத்தால் வசந்தத்தில் முளைக்கும். நம் மெராந்தி மரங்களின் விதைக்கு உலர்ந்தாலே உயிர் போய்விடும், செர்ரி விதை அவ்வளவு மென்மையில்லை. ஆனால் கன்றைப் பழைய அடிமரத்தின் அருகே நடாதே. 2000இல் இண்டியானாவில் நடந்த ஆய்வில், தாய்மரத்தடி மண்ணில் இருக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிர் கன்றுகளைக் கொல்வது தெரிந்தது. ஐரோப்பிய மண்ணில் அந்தக் கட்டுப்பாடு பலவீனம். நெதர்லாந்துக் காடுகளில் இதே மரம் களையாகப் பரவித் தொல்லை தருகிறது. உன் ஊர்தான் அதன் ஊர். முற்றத்தின் மறு கோடியில், வெயில் படும் இடத்தில் நடு.

அமெரிக்காவின் அலிகேனி மேட்டுநிலத்துச் செர்ரிப் பலகைக்கு உலகெங்கும் கிராக்கி. பொந்து இல்லாத மேல்பகுதி தேறினால் ஒரு துண்டை வைத்துக்கொள். வெளிச்சம் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாகும். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று உடனே எழுது. செப்டம்பர் என்று முடிவானால், லேபிளில் என்னென்ன வேண்டும் என்று ஒரு மாதிரி எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
செல்வி