மகனுக்கு, ஒடுக்கம் முடிந்து வந்து எழுதுவது

மட்டக்களப்பு

அன்பு மகன்,

நீயும் மருமகளும் குஞ்சும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோவு அப்படியேதான், மற்றபடி குறையில்லை. இதைப் போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மூன்று நாள் தியான ஒடுக்கத்துக்குப் போனேன். வருடா வருடம் போகிற ஒடுக்கம் இல்லை இது. தவக்காலமும் றமழான் நோன்பும் இந்த முறை ஒன்றாக வந்ததால், வாவிக்கரை மடத்தில் எங்களில் பதினொரு பெண்களையும் முஸ்லிம் பெண்கள் ஒன்பது பேரையும் சேர்த்து வைத்தார்கள். என் அறையில், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து வந்த ராத்தா ஒருவ.

முதல் நாள், நோன்பு பிடிக்க விடியமுதல் சாப்பிடுகிற சஹருக்கு அவ நாலு மணிக்கு எழும்பினா. என் தூக்கம் கலையும் என்று லைட் போடாமல், சுவரைத் தடவித் தடவிக் கதவைத் தேடினா. நான் முழித்துக்கொண்டுதான் கிடந்தேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை. குசினியில் வயதான சிஸ்டர் ஒருவ அதற்கு முதலே எழும்பிச் சோறு சூடாக்கி, தயிர்ச் சட்டியைத் திறந்து வைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அடுத்த நாள் நான் முதலே எழும்பி லைட்டைப் போட்டேன். அவவோடு போயிருந்து சாப்பிட்டு, அன்றைக்கு நானும் நோன்பிருந்தேன்.

அன்று பின்னேரம் பாதர் அல்ஜீரியாவில் திபிரின் என்ற ஊரில் இருந்த துறவிகளைப் பற்றிச் சொன்னார். சுற்றிவர முஸ்லிம் சனம், நடுவில் சின்ன மடம். அதன் தலைவர் கிறிஸ்தியான் தெ ஷெர்ஷே, இளம் வயதில் பிரெஞ்சுப் படையில் அங்கே வேலை செய்தவர். 1959இல் அவரைக் கொல்ல வந்தவர்களைத் தடுத்துக் காப்பாற்றியது முகமது என்ற முஸ்லிம் மனிதர். மறுநாள் அந்த முகமதுவைக் கொன்று கிணற்றடியில் போட்டிருந்தார்கள். பத்துப் பிள்ளைகளின் தகப்பன். அந்தக் கடன்தான் கிறிஸ்தியானைத் துறவியாக அந்த மண்ணுக்கே திரும்பக் கொண்டுவந்தது. 1996 மார்ச்சில் ஆயுதக்காரர் வந்து ஏழு துறவிகளைக் கடத்திப்போனார்கள். ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. அப்படி நடக்கலாம் என்று தெரிந்து கிறிஸ்தியான் முன்கூட்டியே ஒரு சாசனம் எழுதி வைத்திருந்தார். தன்னைக் கொல்லப்போகிறவனையும் அதில் மன்னிக்கிறார். தன் சாவுக்காகத் தான் நேசிக்கிற அந்தச் சனத்தையே குற்றம் சாட்டினால், அந்தச் சாவில் தனக்குச் சந்தோஷப்பட முடியாது என்று எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு நடுங்கியது, மகன். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று நாங்கள் பூசை முடிந்து வந்து தேத்தண்ணி வைத்த நேரம் சீயோன் தேவாலயப் பக்கம் கேட்ட குண்டுச் சத்தம் உனக்குத் தெரியும். அங்கே செத்ததில் எத்தனையோ பேர் சிறுபிள்ளைகள். நாடு முழுக்க 250 பேருக்கு மேல். செய்தது இஸ்லாத்துக்காக என்று குண்டு கட்டினவர்கள். அதற்குப் பிறகு நான் ஒருவரையும் திட்டவில்லை, ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை. காத்தான்குடிக்குப் போகாமல் விட்டேன், அவ்வளவுதான். உன் முதல் நன்மைச் சட்டைத் துணியைக் கடனுக்குத் தந்த கடைக்காக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். அவரின் கடைக்கும் போகவில்லை.

கொரோனா நேரம் அவர் மௌத்தானார். அப்போது கொரோனாவில் செத்த எல்லாருடைய உடல்களையும் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன காலம். ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய 2021 மார்ச்சில்தான் விட்டார்கள், அவர் அதற்கு முதலே போய்விட்டார். அவரை எரித்தது எனக்குத் தெரியும். சாவீட்டுக்குப் போகாததற்கு, ஊரடங்கு என்று மனதுக்குச் சாட்டுச் சொன்னேன். ஊரடங்கு எடுத்த பிறகும் போகவில்லை. இதை இத்தனை வருடமும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. இது பாவம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இரவு அதை ராத்தாவிடம் சொன்னேன். அவ கனநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, 1990 ஆகஸ்ட் 3 அன்று இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன அவட வாப்பா திரும்பி வராததைச் சொன்னா. அன்றிரவு இரண்டு பள்ளிவாசல்களில் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். செய்தது தமிழருக்காக என்று துவக்குத் தூக்கினவர்கள். “உங்கட ஆக்களில் ஒருவரும் எங்கட வாசலுக்கு வரல்ல”, என்றா. குரலில் கோபம் இல்லை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் ஓடுகிற தூரம். எங்களுக்கும் அந்த நாட்களில் பயமும் சாவும் இருந்தது உண்மைதான், ஆனால் அதை அவவிடம் சொல்ல வாய் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோமே, அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு எனக்குச் சுட்டது.

பெருநாள் முடிந்து நேற்று அப்பாவும் நானும் காக்காவின் வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்று என்ன சொல்வதென்று பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டு போனேன், ஒன்றும் சொல்ல வரவில்லை. காக்காவின் மனைவி, மாமி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “சின்னவன்ட உம்மாவா?” என்றா. உள்ளே கூட்டிப்போய் வட்டிலப்பம் தந்தா. காக்காவின் படம் ஒன்றும் சுவரில் இல்லை, அவரின் முழக்கோல் மட்டும் அலுமாரிக்கு மேலே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். “இப்ப வந்திட்டீங்கதானே” என்று சொல்லிவிட்டு, மருமகளுக்கு என்ன பிள்ளை என்று கேட்டா. பொம்பிளைப் பிள்ளை என்றேன். உள்ளே போய் மஞ்சள் பூப்போட்ட வொயில் துணி இரண்டு யார் அளவு கொண்டுவந்து என் மடியில் வைத்தா. காசு வாங்கவில்லை.

துணியைத் தைத்து அனுப்புகிறேன், பிள்ளையின் அளவு எழுது. காக்காவின் இளைய மகன், உன்னோடு பந்தடித்தவன், இப்போது கத்தாரில். அந்த 2019 ஏப்ரலுக்குப் பிறகு நீ அவனுக்குப் பதில் எழுதவில்லை என்று மாமி சொன்னா. குறையாகச் சொல்லவில்லை. அவனுடைய நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவாம்.

உன் அம்மா