ஓநாய் வந்துவிட்டது, எல்க்கை எப்போது எண்ணுவீர்கள்?

கொலராடோ பூங்கா, வனவிலங்கு ஆணையத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கொலராடோவுக்கு ஓநாயை மீண்டும் கொண்டுவரச் சொன்ன 114ஆம் முன்மொழிவு 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் 51 விழுக்காட்டை ஒட்டிய வாக்குகளில் நிறைவேறியது. அதை மறுபடி கிளற இந்த மடலை எழுதவில்லை. 2023 டிசம்பர் 18 அன்று ஒரிகன் ஓநாய்கள் கிராண்ட் கவுண்டியில் இறங்கின. 2025 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து மேலும் 15 வந்தன. இப்போது இங்கேயே குட்டி போட்டு வளர்க்கும் கூட்டங்களுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. ஆகவே ஓநாய் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு முடிந்தது. ராக்கி மலையின் மேற்குச் சரிவில் வேட்டையாடும் எங்களுக்கு மிச்சமிருக்கும் கேள்வி, எல்க் என்னும் பெரிய மான்களின் மந்தைக் கணக்கை யார், எப்போது, எந்த முறையில் எடுக்கப்போகிறார்கள் என்பதுதான்.

முதலில் எங்கள் பக்கத்து மிகையை நாங்களே கழித்துவிடுகிறோம். ஓநாய் வந்தால் எல்க்கே மிஞ்சாது என்று பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து சத்தியம் செய்பவர்கள் எங்களிடையே உண்டு. மாநில அளவில் அது கணக்குக்கு நிற்காது. ஓர் ஓநாய் ஆண்டுக்குச் சுமார் 20 எல்க்கைத் தின்னும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் திட்டம் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து ஓநாயை விடுவிக்கக் குறித்திருக்கும் உச்ச எண் 200. இரண்டையும் பெருக்கினால் 4,000. கொலராடோவில் இருக்கும் எல்க் 2,80,000 அளவில். ஆண்டுதோறும் நாங்கள் சுடுவதே அந்த 4,000ஐப் போலப் பல மடங்கு. வயோமிங்கில் முப்பது ஆண்டுகளாக ஓநாய் இருக்கிறது, அங்கே பல எல்க் மந்தைகள் அந்த மாநிலம் வைத்த எண்ணிக்கை இலக்கைத் தாண்டி நிற்கின்றன. இதை ஒப்புக்கொள்வதில் எங்களுக்குக் கூச்சமில்லை.

ஆனால் ஓநாய் மாநிலம் முழுக்கச் சமமாகப் பரவி உட்காராது. பத்து உருப்படி உள்ள ஒரு கூட்டம் ஒரே பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொள்ளும். அங்கே குளிர்காலத்தில் 1,500 எல்க் தங்குகின்றன என்றால், ஆண்டுக்கு 200 என்பது அந்த மந்தைக்குச் சின்ன எண் இல்லை. மாநில சராசரி அந்தப் பள்ளத்தாக்கைக் காட்டாது. லைசென்ஸ் எண்ணிக்கை முடிவாவதோ அந்தந்த வேட்டை அலகின், அதாவது வேட்டைக்காகப் பிரித்த பகுதியின், மந்தையை வைத்துத்தான்.

எதற்கு இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்கு மொன்டானாவில் நடந்ததைப் பாருங்கள். பிட்டர்ரூட் பள்ளத்தாக்கின் மேற்குக் கிளையில் எல்க் கன்றுகள் குறைந்தபோது ஊரே ஓநாயைக் கைகாட்டியது. 2011இல் தொடங்கிக் கன்றுகளுக்குக் கருவி மாட்டி, செத்த ஒவ்வொன்றையும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். அதிகம் கொன்றது பூமா. சந்தேகம் ஒரு விலங்கின் மேல், கடி வேறொரு விலங்கின் வாயில். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடக்கு எல்க் மந்தையும் அப்படித்தான்: 1990களின் நடுவில் சுமார் 19,000, 2013இல் 4,000க்கும் கீழ். இந்த இரண்டு எண்களை மட்டும் அட்டையில் எழுதிக் கூட்டத்துக்குக் கொண்டுவருபவர்கள், கரடியையும் பூமாவையும் வறட்சியையும் 1997இன் கொடும் குளிரையும், பூங்காவின் வடக்கு வாசலான கார்டினர் ஊர்ப் பக்கம் பூங்காவை விட்டு வெளியே வந்த பெண் எல்க்குகளை ஆண்டுதோறும் சுட்ட பின்பருவ வேட்டையையும் சொல்வதில்லை. அந்த வீழ்ச்சியில் துப்பாக்கிக்கும் பங்குண்டு.

கொலராடோவில் ஐந்து ஆண்டு கழித்து ஒரு மந்தை சரிந்தால், காரணம் எது என்று சொல்ல உங்கள் கையில் என்ன இருக்கும்? குளிர்காலத்தில் ஹெலிகாப்டரில் பறந்து எடுக்கும் கன்று–தாய் விகிதமும், அதை வைத்துக் கணித மாதிரி போட்டுக் கணக்கிடும் மொத்த எண்ணும் இருக்கும். அந்த விகிதம் எத்தனை குறைந்தது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது.

இந்த விகிதம் எவ்வளவு மெல்லிய நூல் என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. நூறு பெண் எல்க்குக்கு 40 கன்று குளிர்காலம் வரை பிழைத்தால், அதில் பாதி, அதாவது 20, பெண். முதிர்ந்த பெண்களில் வேட்டை இல்லாமலே 12 செத்துப்போகும் என்று கொண்டால், மந்தை குறையாமல் 8 பெண் எல்க்கைச் சுட அனுமதிக்கலாம். கன்று 40லிருந்து 25ஆக இறங்கினால் பெண் கன்று பன்னிரண்டரை. சுட மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வானிலிருந்து பார்த்தால் மந்தை அப்படியேதான் தெரியும். பெண் எல்க் லைசென்ஸ் மட்டும் சுழியாகிவிடும். தென்மேற்கு மாவட்டங்களில் ஓநாய் வருவதற்கு முன்பே கன்று விகிதம் தாழ்ந்து கிடக்கிறது. வடமேற்கில் 2022–23 குளிர்காலம் மந்தைகளை அடித்துப்போட்டது, 2023இல் லைசென்ஸ்கள் பெரிய அளவில் வெட்டப்பட்டன. அந்த மந்தை மீண்டு எழ வேண்டிய அதே ஆண்டுகளில்தான் ஓநாயும் வந்திருக்கிறது. இரண்டையும் பிரித்து அறிய முன்கூட்டியே அளவு எடுத்திருக்க வேண்டும்.

ஓநாய் எதைத் தின்கிறது என்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. யெல்லோஸ்டோனில் ஓநாய் கொன்ற பெண் எல்க்குகளின் சராசரி வயது 14ஐ ஒட்டி இருந்தது. வேட்டைக்காரர் சுட்டவை அதில் பாதி வயதுதான். கிழட்டுப் பெண் ஒன்று போவதால் மந்தைக்கு இழப்பு குறைவு. கன்று போனால் அப்படியில்லை. எனவே எத்தனை கொன்றது என்பதோடு எந்த வயதைக் கொன்றது என்பதும் தெரிந்தாக வேண்டும். கொன்ற இடத்தில் பல்லையும் எலும்பு மஜ்ஜையையும் எடுத்தால்தான் வயதும் உடல்நிலையும் தெரியும். இறந்த எல்க்கிடம் ஏற்கெனவே மான் இனங்களை மெலியவைத்துக் கொல்லும் நாட்பட்ட நலிவு நோய் இருந்ததா என்பதும் அங்கேயே எடுக்க வேண்டிய மாதிரிதான். 1967இல் இந்த நோய் முதன்முதலில் கண்ணில் பட்டதே நம் ஃபோர்ட் காலின்ஸில் என்பதால், இந்த மாநிலத்துக்கு அதில் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும்.

களத்தில் இது எப்படி நடக்க வேண்டும் என்பதை உங்கள் உயிரியலாளர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். இருந்தும் பணம் ஒதுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான் என்பதால் சொல்கிறோம். ஓநாய்க் கூட்டம் நிலைகொண்ட மந்தை ஒன்று, அதே மாதிரிப் பனியும் மேய்ச்சலும் உள்ள, ஓநாய் இல்லாத மந்தை ஒன்று. இரண்டிலும் பெண் எல்க்குகளுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை வேண்டும். சினையாக இருப்பவற்றுக்கு, கன்று பிறக்கும்போது வெளியே விழுந்து பிறப்பை அறிவிக்கும் கருவியையும் உள்ளே பொருத்த வேண்டும். அந்தக் கருவி வெளியே விழுந்ததும் போய்க் கன்றைக் கண்டுபிடித்துப் பட்டை மாட்ட வேண்டும். கன்றின் பட்டை மரண சமிக்ஞை அனுப்பியதும் 24 மணி நேரத்துக்குள் ஆள் அங்கே நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லாம் கெடும். இரண்டு நாள் தாமதமானால் கரடியும் காக்கையும் ஓநாயின் சிறிய உறவான கயோட்டியும் தின்று சிதறடித்துவிடும், பட்டியலில் "காரணம் தெரியவில்லை" என்ற பத்திதான் நீளும்.

நேரத்தோடு போனால் உடல் பேசும். தோலை உரித்தால் கடித்த இடத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது விழுந்த கடி. இல்லையென்றால் செத்த பிறகு வந்து தின்றது. பூமா பெரும்பாலும் தொண்டையையோ பிடரியையோ கவ்வும், விலாவுக்குப் பின்னால் திறந்து தின்னும், மிச்சத்தைச் சருகும் பனியும் போட்டு மூடும். கரடி தோலைப் பின்னுக்கு உரித்துவிடும். ஓநாய் பின்தொடையிலும் விலாவிலும் பல இடத்தில் கடித்து, எலும்பை இழுத்துப் பரப்பிவிடும். பல் இடைவெளியை மட்டும் நம்பினால் பூமாவும் ஓநாயும் குழம்பும். கயோட்டியைத்தான் அதில் சுலபமாகப் பிரிக்கலாம்.

எல்க்கைவிடப் பெரிய மானான மூஸைப் பற்றித் தனியாக. 1978, 1979இல் யூட்டாவிலிருந்தும் வயோமிங்கிலிருந்தும் 24 மூஸ்களை நார்த் பார்க் என்னும் மலைச்சமவெளியில் விட்டு வளர்த்தெடுத்தது இந்தத் துறை. இன்று மாநிலத்தில் 3,000 அளவில் இருக்கின்றன. லைசென்ஸ் கிடைக்க முதலில், விண்ணப்பித்துக் கிடைக்காத ஆண்டுக்கு ஒன்றாக, மூன்று புள்ளி சேர்க்க வேண்டும், பிறகு குலுக்கலில் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். ஓநாய் நடமாடும் இடங்களில் அந்த நார்த் பார்க்கும் ஒன்று. மூஸ் மந்தையாகச் சேராது, காட்டுக்குள் மறைந்து நிற்கும், வானிலிருந்து எண்ணுவது கடினம். எல்க்குக்குப் போடும் விதியை மூஸுக்கும் நீட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

இனிப் பணம். ஓநாய்ச் செலவுக்கு வேட்டை, மீன்பிடி லைசென்ஸ் பணத்தைத் தொடக்கூடாது என்று 2021இல் சட்டமன்றமே எழுதிவைத்தது. கால்நடை இழப்புக்கு ஆண்டுக்கு 3,50,000 டாலர் தனி நிதியும் இருக்கிறது. ஓர் உருப்படிக்கு 15,000 டாலர் வரை. முன்வாசல் சரியாகத்தான் பூட்டியிருக்கிறது. பின்பக்கம் பாருங்கள். ஓநாய் அழுத்தினால் எல்க் திறந்த புல்வெளியை விட்டு அடர்காட்டுக்கும், பனிக்காலத்தில் கீழே பண்ணை நிலத்துக்கும் நகரும். பண்ணையில் அடுக்கியிருக்கும் உலர்புல் போரை எல்க் தின்றால், வேட்டை விலங்குச் சேத இழப்பீடு யார் பணத்திலிருந்து போகிறது? எங்கள் லைசென்ஸ் பணத்திலிருந்து. ஓநாய்ப் புகார் வந்ததும் ஓடும் மாவட்ட அலுவலர், அந்த வாரம் செய்திருக்க வேண்டிய எல்க் வேலையைத் தள்ளிவைக்கிறார். அந்த மணிநேரம் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது? லைசென்ஸ் வெட்டினால் இழக்கும் வருமானமும் இருக்கிறது, அதிலும் வெளிமாநிலத்தார் கட்டும் எல்க் கட்டணம் இந்தத் துறையின் முதுகெலும்பு. இந்த மூன்றையும் ஓநாய் இருக்கும் அலகு, இல்லாத அலகு என்று பிரித்து ஆண்டறிக்கையில் அச்சிடுங்கள். தொகை சிறிதாக இருந்தால் எங்கள் வாய் அடைபடும், உங்களுக்கும் அது லாபம்.

வேட்டைப் பருவத்துக்கான சில்லறைக் கோரிக்கைகள் சில உண்டு. மாதாமாதம் வெளியிடும் ஓநாய் நடமாட்ட வரைபடம் நீர்ப்பிடிப்புப் பகுதி அளவில் இருக்கிறது, ஒரு புள்ளி விழுந்தாலே முழுப் பகுதியும் நிறம் மாறும். குகையையும் கூட்டத்தையும் காட்டிக்கொடுக்காமலிருக்க அது வேண்டும்தான். ஆனால் பூமா வேட்டைக்கு நாய்களை அவிழ்ப்பவருக்கு அது போதாது. தன் எல்லைக்குள் நுழைந்த நாயை ஓநாய் போட்டியாளராகத்தான் பார்க்கும். விஸ்கான்சினில் ஓநாய் நாயைக் கொன்ற இடத்தைச் சுற்றி எச்சரிக்கை வட்டம் போட்டு உடனே அறிவிக்கிறார்கள், இழந்த வேட்டைநாய்க்கு ஈடும் உண்டு. இங்கே வேட்டைநாய்க்கு என்ன நிலை என்பதை ஒரே பக்கத்தில், வக்கீல் இல்லாமல் புரிகிற மொழியில் எழுதிவையுங்கள்.

அடையாளம் காண்பதில் உங்கள் துண்டுப்பிரசுரம் வளர்ந்த ஓநாயைத்தான் காட்டுகிறது: 30 முதல் 50 கிலோ, அகன்ற மூக்கு, வட்டமான காது, 11 முதல் 13 சென்டிமீட்டர் நீளக் காலடி. கயோட்டிக்கு இதில் பாதிதான். ஆனால் துப்பாக்கிப் பருவமான அக்டோபர், நவம்பரில் எதிரே வந்து நிற்பது ஏப்ரலில் பிறந்த குட்டியாகவும் இருக்கலாம். உடல் ஒல்லி, காது உடலுக்குப் பெரிசு, தூரத்தில் பார்க்கப் பெரிய கயோட்டி. சுட்டால் 1,00,000 டாலர் வரை அபராதம், சிறை, லைசென்ஸ் பறிப்பு. கயோட்டியை ஆண்டு முழுக்கச் சுடலாம் என்ற விதியும் இதுவும் ஒரே மலையில் நிற்கின்றன. ஆறு மாதக் குட்டியின் படங்களைக் கயோட்டி பக்கத்தில் வைத்துக் கட்டாயப் பாடமாக்குங்கள். உரித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி கூடுதலாக: எல்க், மூஸ் நுரையீரலில் நீர்க்கட்டி தெரிந்தால் அது நாடாப்புழுவின் இளம்புழுப் பருவமாக இருக்கலாம்; அந்த நுரையீரலை நாய்க்குப் போடக்கூடாது.

கடைசியாக, நாட்காட்டி. குலுக்கல் விண்ணப்பம் ஏப்ரல் முதல் வாரத்தில் மூடுகிறது. லைசென்ஸ் எண்ணிக்கையை நீங்கள் தீர்மானிப்பதோ மே மாதக் கூட்டத்தில். ஓர் அலகில் எத்தனை லைசென்ஸ் வெட்டப்படும் என்று தெரியாமலே புள்ளிகளை வைத்து ஆடுகிறோம். குளிர்கால விகிதத்தை மார்ச்சுக்குள் அலகுவாரியாக வெளியிட்டால் இது பாதி தீரும். அதோடு ஒவ்வொரு மந்தைக்கும் ஓர் எல்லைக்கோடு எண்ணாக எழுதப்பட வேண்டும்: மூன்று ஆண்டுச் சராசரி கன்று விகிதம் இதற்குக் கீழே போனால் இன்னின்ன நடவடிக்கை, இந்த வரிசையில் என்று. அந்த வரிசையில் வேட்டை லைசென்ஸ் வெட்டு ஒன்றே ஒன்றாக இருந்தால் அது மேலாண்மை ஆகாது. பூமா, கரடி ஒதுக்கீட்டை மாற்றுவது, மேய்ச்சல் நிலத்தைச் சீராக்குவது, ஓநாயை இடம் மாற்றுவது எல்லாம் அதில் இருக்க வேண்டும். கரடி வேட்டையில் நாயை ஏவுவதும் இரை வைத்து ஈர்ப்பதும் வசந்தப் பருவமும் 1992 வாக்கெடுப்பிலேயே போயிற்று. பூமா வேட்டையையே நிறுத்தச் சொன்ன 127ஆம் முன்மொழிவை 2024இல் மக்கள் தள்ளிவிட்டார்கள். கையிலிருக்கும் கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றால், எஞ்சுவது எங்கள் லைசென்ஸ் என்ற ஒரே திருகுதான்.

ஓநாய்க் கூட்டம் நிலைகொண்ட பிறகு அளவெடுக்கப் போவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. ஆண்டின் ஹெலிகாப்டர் பறப்பு டிசம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் எந்த இரண்டு மந்தைகள், எத்தனை பட்டைகள், செத்த கன்றைத் தேடி மலையேற எத்தனை ஆட்கள் என்ற மூன்று பதில்களை எழுத்தில் தாருங்கள். பட்டை மாட்டப் பனியில் ஆள் தேவைப்பட்டால், குதிரையோடும் கோவேறு கழுதையோடும் வரத் தயாராக இருப்பவர்களின் பட்டியலை உங்கள் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கொலராடோ மேற்குச் சரிவின் எல்க் வேட்டைக்காரர்கள்